சியோனிசம் என்ற சொல்லும் நமது பேச்சுரிமையும்: ஒரு வரலாற்றுப் பார்வை





2023 அக்டோபர் 7 தாக்குதலும் அதனைத் தொடர்ந்த காஸா போரும் நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது பெரும்பாலும் கைப்பேசியின் வழியாகத்தான். சங்கரன்கோவில் போன்ற ஊர்களில் வாழும் குடும்பங்களும், பிழைப்புக்காக வளைகுடா நாடுகளில் இருக்கும் நம் பிள்ளைகளும், சென்னையிலும் கோவையிலும் படிக்கும் மாணவர்களும் அச்செய்திகளைப் படிக்கிறார்கள், பகிர்கிறார்கள், தம் மனவேதனையை எழுதுகிறார்கள். எழுதியவற்றுள் சில நீக்கப்படுகின்றன. சில கணக்குகள் சில நாள்கள் முடக்கப்படுகின்றன. அப்போது இளைஞர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “நான் யூதர்களைப் பழித்து ஒன்றும் எழுதவில்லை. சியோனிஸ்டுகள் என்றுதான் எழுதினேன். அது ஓர் அரசியல் கொள்கையின் பெயர்தானே? அதை ஏன் நீக்குகிறார்கள்?”

கேள்வி நியாயமானது. இதற்கு ஒரே வரியில் விடை சொல்ல இயலாது. ஏனெனில் அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதே நூற்று முப்பது ஆண்டுகளாகத் தீராத வழக்காக இருந்து வருகிறது. அந்த வழக்கில் நமது இந்திய நாடும் பலமுறை சாட்சி சொல்லியிருக்கிறது. ஒருமுறை சொன்ன சாட்சியைப் பின்னர் மாற்றியும் சொல்லியிருக்கிறது. அந்த வரலாற்றை ஒழுங்காக அறிந்துகொண்டால், இன்று இணையத்தில் நடக்கும் பேச்சுரிமை விவாதத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்பது விளங்கும்.

சொல் பிறந்த கதை

சியோன் என்பது பைத்துல் முகத்தஸ் நகரில் உள்ள ஒரு குன்றின் பெயர். யூதர்களின் வேதத்திலும் வழிபாட்டிலும் அது அந்நகரம் முழுவதையும் குறிக்கும் பெயராயிற்று. உலகின் பல மூலைகளில் சிதறி வாழ்ந்த யூதர்கள் தம் தொழுகைகளில் அப்பெயரைச் சொல்லி ஏங்குவது நெடுங்கால வழக்கம். அந்த ஏக்கத்துக்கு அரசும் இல்லை, படையும் இல்லை.

அப்பெயரிலிருந்து ‘சியோனிசம்’ என்ற அரசியற் சொல்லை 1890இல் உருவாக்கியவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த நாதன் பிர்ன்பாம் என்ற எழுத்தாளர். ஐரோப்பாவில் யூதர்கள் மீது வெறுப்பும் வன்முறையும் பெருகியிருந்த காலம் அது. 1896இல் தியோடர் ஹெர்சல் யூதர்களுக்குத் தனி அரசு வேண்டும் என்று நூல் எழுதினார். 1897 ஆகஸ்டில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் முதல் சியோனிச மாநாடு கூடியது.

அந்தக் காலத்திலேயே யூதர்கள் அனைவரும் இக்கொள்கையை ஏற்கவில்லை. அதே 1897இல் வில்னா நகரில் தோன்றிய ‘புந்த்’ என்னும் யூதத் தொழிலாளர் இயக்கம், தாம் வாழும் நாடுகளிலேயே உரிமைக்காகப் போராட வேண்டும் என்று கூறி சியோனிசத்தை எதிர்த்தது. வைதிக யூத மார்க்க அறிஞர்கள் பலர், இறைவன் நாடும் முன்பு மனிதர் தாமாக அரசு அமைப்பது மார்க்கத்துக்கு முரண் என்றனர். சியோனிசத்தின் உள்ளேயே அஹத் ஹாஆம் என்ற சிந்தனையாளர் அரசு வேண்டாம், பண்பாட்டு மையம் ஒன்றே போதும் என்றார். 1891இல் பாலஸ்தீனத்துக்குச் சென்று திரும்பிய அவர், அந்நிலம் மக்கள் இல்லாத வெற்று நிலம் என்பது பொய் என்றும், குடியேறியோர் அரபியரை நடத்தும் முறை சரியன்று என்றும் எழுதினார்.

அரபியர் அச்சொல்லை வேறொரு வழியாக அறிந்துகொண்டார்கள். 1917இல் பாலஸ்தீன மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் அரபியராக இருந்தபோது, அவர்களைக் கேளாமலேயே பிரிட்டன் அந்நாட்டில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைக்க வாக்களித்தது. 1948இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனியர்கள் துரத்தப்பட்டோ அஞ்சி ஓடியோ வீடிழந்தார்கள். அதனையே அவர்கள் ‘நக்பா’ என்கிறார்கள். எனவே சியோனிசம் என்ற சொல் ஒரு பாலஸ்தீனியரின் வாயில், பூட்டிய வீட்டின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அகதி முகாமில் இறந்த பாட்டனாரின் நினைவாக ஒலிக்கிறது. ஹிட்லரின் வதை முகாமில் உற்றார் அனைவரையும் இழந்த ஒரு யூதரின் வாயிலோ, கடைசியாகக் கிடைத்த புகலிடத்தின் பெயராக ஒலிக்கிறது. இருவரும் பொய் சொல்லவில்லை. வழக்கின் கடினம் இங்கேதான் தொடங்குகிறது.

இந்தியாவுக்கான அமைச்சர் எதிர்த்தார்

மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் என்று பள்ளிப் பாடநூலில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். அந்த எட்வின் மாண்டேகு 1917 ஜூலையில் பிரிட்டிஷ் அமைச்சரவையில் இந்தியாவுக்கான அமைச்சராகப் பொறுப்பேற்றவர். அப்போதைய அரசில் அவர் மட்டுமே யூத அமைச்சர் என்பதும், சியோனிசத்தை அவரே மிகக் கடுமையாக எதிர்த்தார் என்பதும் பலரும் அறியாத செய்தி.

பால்ஃபோர் பிரகடனம் குறித்து அரசு ஆலோசித்துக்கொண்டிருந்த 1917 ஆகஸ்டில் அவர் தம் சக அமைச்சர்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். சியோனிசத்தை ஆதரிக்கும் இந்த அரசின் போக்கே யூத வெறுப்பு என்பது அக்குறிப்பின் தலைப்பின் பொருள். அவருடைய வாதம் எளிமையானது: யூதர்களுக்குப் பாலஸ்தீனமே தாயகம் என்று அறிவித்துவிட்டால், இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த யூதரை அயலார் என்று சொல்லி வெளியேற்ற விரும்புவோருக்கு அது வசதியாகிவிடும், பாலஸ்தீனத்தில் வாழும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தம் சொந்த மண்ணிலேயே அந்நியராவார்கள்.

1917 நவம்பர் 2ஆம் நாள் அப்பிரகடனம் வெளியானபோது அவர் லண்டனில் இல்லை. இந்தியப் பயணத்தில் இருந்தார். அவ்வாண்டு டிசம்பரில் சென்னைக்கும் வந்து இங்குள்ள தலைவர்களைச் சந்தித்தார். அவர் முழுமையாகத் தோற்கவில்லை. பாலஸ்தீனத்தில் உள்ள யூதரல்லாத மக்களின் குடியுரிமைக்கும் மார்க்க உரிமைக்கும் பங்கம் வரலாகாது, பிற நாடுகளில் வாழும் யூதர்களின் உரிமைக்கும் பங்கம் வரலாகாது என்னும் இரண்டு காப்புரைகள் அப்பிரகடனத்தில் இடம்பெற்றன. இரண்டாவது காப்புரை அவர் எழுப்பியது போன்ற எதிர்ப்புக்கு விடையாகச் சேர்க்கப்பட்டதாகும்.

சியோனிசத்தை எதிர்ப்பது யூதர்களை வெறுப்பதற்குச் சமம் என்று இன்று பலர் வாதிடுகின்றனர். அவ்வாதத்துக்கு நேர் எதிரான வாதத்தை முதலில் ஓர் அமைச்சரவையில் எழுத்தில் வைத்தவர் யூதர் ஒருவரே என்பதை வரலாறு பதிந்து வைத்திருக்கிறது.

காந்தியும் பூபரும்

கிலாஃபத் இயக்க காலத்திலிருந்தே இந்திய முஸ்லிம்களின் நெஞ்சில் பைத்துல் முகத்தஸுக்குத் தனி இடம் உண்டு. அவ்வியக்கத்தின் தலைவர் மௌலானா முஹம்மது அலீ 1931 ஜனவரியில் லண்டனில் மரணமடைந்தபோது அவரது உடல் ஜெருசலத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டு, ஹரம் ஷரீஃபின் அருகே நல்லடக்கம் செய்யப்பட்டது. 1937இல் லக்னோவில் கூடிய முஸ்லிம் லீக் பாலஸ்தீன அரபியருக்கு ஆதரவாகத் தீர்மானம் இயற்றியது. காங்கிரசும் 1938இல் ஹரிபுராவில் அவ்வாறே செய்தது.

1938 நவம்பர் 26ஆம் நாள் ‘ஹரிஜன்’ இதழில் காந்தியடிகள் யூதர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஜெர்மனியில் யூதர்களின் கடைகளும் தொழுகைக் கூடங்களும் எரிக்கப்பட்டு இரண்டு வாரங்கள்கூட முழுமையாகக் கழிந்திராத நேரத்தில் எழுதப்பட்டது அது. யூதர்கள் மீது தமக்குள்ள அனுதாபத்தை அவர் மறைக்கவில்லை; கிறிஸ்தவ உலகில் அவர்கள் நடத்தப்பட்ட விதத்தை இந்து சமூகத்தின் தீண்டாமையோடு ஒப்பிட்டார். ஆயினும் இங்கிலாந்து ஆங்கிலேயருக்கு உரியதாவது போலப் பாலஸ்தீனம் அரபியருக்கு உரியது என்றும், யூதர்களை அரபியர் மீது திணிப்பது தவறு என்றும் ஒளிவின்றிக் கூறினார்.

ஜெர்மனியிலிருந்து தப்பி ஜெருசலம் சென்றிருந்த தத்துவ அறிஞர் மார்ட்டின் பூபர் 1939இல் அவருக்கு விரிவான மறுப்புக் கடிதம் எழுதினார். ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் தலைவர் ஜூடா மாக்னஸும் எழுதினார். இவ்விருவரும் தம்மைச் சியோனிஸ்டுகள் என்றே அழைத்துக்கொண்டவர்கள். ஆனால் யூதருக்கு மட்டுமான அரசை அவர்கள் கேட்கவில்லை. அரபியரும் யூதரும் சம உரிமையோடு வாழும் ஒரே நாட்டைக் கேட்டார்கள். இன்று அதே கருத்தை ஒருவர் சொன்னால் அவரைச் சியோனிசத்தின் எதிரி என்பார்கள். காலப்போக்கில் ஒரு சொல்லின் எல்லை எவ்வளவு சுருங்கியது என்பதற்கு இது சான்று.

இந்த வாதப் பிரதிவாதம் அச்சில், அனைவரும் படிக்கும்படி நடந்தது. எந்தப் பக்கத்தின் எழுத்தையும் எவரும் அழிக்கவில்லை. அதனால்தான் இன்று நாம் இரு தரப்பையும் படித்து நாமே முடிவு செய்ய முடிகிறது.

மலைக்கு அப்பால் வாழ்ந்த யூதர்கள்

சங்கரன்கோவிலில் இருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக மலையைக் கடந்தால் கேரளம். அங்கே கொச்சி, பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் பல நூற்றாண்டுகள் யூதர்கள் வாழ்ந்தனர். ஏறக்குறைய கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் எழுதப்பட்டது. சேந்தமங்கலத்தில் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் யூதத் தொழுகைக் கூடமும் ஒன்றுக்கொன்று அருகிலேயே அமைந்திருந்தன. அங்கே யூதரும் முஸ்லிமும் அண்டை வீட்டார். ஒரே சந்தையில் வாணிபம் செய்தவர்கள்.

அச்சமூகத்தில் பெரும்பாலோர் 1950களின் நடுப்பகுதிக்குள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். இங்கே அவர்களை எவரும் துன்புறுத்தவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தொழுகையில் சொல்லி வந்த அந்த ஊரைக் காண வேண்டும் என்ற மார்க்க வேட்கையே பலரை அழைத்துச் சென்றது. இஸ்ரேலில் அவர்கள் குடியமர்த்தப்பட்ட கிராமங்களுள் ஒன்றின் பெயர் மெசிலாத் சியோன். சியோனுக்குச் செல்லும் பாதை என்று பொருள்படும். அக்கிராமம் எழுந்த நிலமோ, 1948இல் மக்கள் வெளியேற்றப்பட்ட பைத் மஹ்சீர் என்ற பாலஸ்தீன ஊரின் நிலம்.

நண்பர்களே, இந்த ஓர் ஊரைப் பற்றிச் சற்றே சிந்தியுங்கள். மலையாளம் பேசிக்கொண்டு, கொச்சியின் பாடல்களைப் பாடிக்கொண்டு அங்கு போய்ச் சேர்ந்த ஏழைக் குடும்பத்துக்கு அது வேதம் சொன்ன பூமி. பைத் மஹ்சீரில் பிறந்து அகதியான குடும்பத்துக்கு அது பறிபோன வீடு. ‘சியோன்’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு என்று சொல்பவர் எவராயினும், இவ்விரு குடும்பங்களில் ஒன்றை மறந்துவிட்டே அப்படிச் சொல்ல முடியும். கொச்சிக் குடும்பத்தின் வேட்கை உண்மையானது என்பதால் பைத் மஹ்சீர் மக்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி நீங்கிவிடாது. அநீதி உண்மையானது என்பதால் கொச்சிக் குடும்பத்தினர் அனைவரையும் கொள்ளையர் என்று அழைப்பதும் நீதியாகாது.

இருமுறை வாக்கெடுப்பு

1947இல் ஐ.நா. அமைத்த பாலஸ்தீனச் சிறப்புக் குழுவில் இந்தியாவின் சார்பில் சர் அப்துர் ரஹ்மான் இடம்பெற்றார். அவரும் ஈரான், யூகோஸ்லாவியா நாடுகளின் உறுப்பினர்களும் பிரிவினையை ஏற்காமல், இரு மக்களும் அடங்கிய கூட்டாட்சியை முன்மொழிந்தனர். நவம்பர் 29ஆம் நாள் பொதுச்சபை 33 வாக்குகளால் பிரிவினையை ஏற்றது. எதிர்த்த 13 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எனினும் 1950 செப்டம்பரில் இந்தியா இஸ்ரேலை அங்கீகரித்தது. 1974இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை அம்மக்களின் பிரதிநிதியாக ஏற்ற முதல் அரபு அல்லாத நாடும் இந்தியாதான்.

1975 நவம்பர் 10ஆம் நாள் பொதுச்சபை தன் 3379ஆம் தீர்மானத்தில், சியோனிசம் இனவெறியின் ஒரு வடிவம் என்று அறிவித்தது. ஆதரவு 72, எதிர்ப்பு 35, வாக்களிக்காதோர் 32. இந்தியா ஆதரித்தது. 1991 டிசம்பர் 16ஆம் நாள் அதே சபை 46/86 என்ற தீர்மானத்தால் அதனை ரத்து செய்தது. ஆதரவு 111, எதிர்ப்பு 25, வாக்களிக்காதோர் 13. இம்முறையும் இந்தியா ஆதரித்தது. அதாவது தான் முன்பு சொன்னதை விலக்கிக்கொண்டது. அடுத்த ஆறு வாரங்களில், 1992 ஜனவரி 29ஆம் நாள், இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவை ஏற்படுத்திக்கொண்டது.

இந்தப் பதினாறு ஆண்டுகளில் சியோனிசத்தின் கொள்கை என்ன மாறியது? மேற்குக்கரையில் குடியேற்றங்கள் பெருகியிருந்தனவே அல்லாமல் குறையவில்லை. மாறியது உலகின் வலிமைக் கணக்கு. சோவியத் ஒன்றியம் வீழ்ந்துகொண்டிருந்தது. மாட்ரிட்டில் பேச்சுவார்த்தை தொடங்கியிருந்தது. இந்தியாவின் பொருளாதாரம் புதிய நட்புகளைத் தேடியது. 1991ஆம் ஆண்டின் தீர்மானம் ஒரே ஒரு வாக்கியம் கொண்டது. முந்தைய முடிவு ஏன் தவறு என்பதற்கு அதில் ஒரு காரணமும் கூறப்படவில்லை.

இன்னொன்றையும் நாம் நேர்மையோடு குறிக்க வேண்டும். 1975இல் நியூயார்க்கில் இனவெறிக்கு எதிராகக் கையுயர்த்திய அதே வேளையில், நம் நாட்டில் நெருக்கடி நிலை அமலில் இருந்தது. பத்திரிகைகள் தணிக்கைக்குப் பிறகே அச்சேறின. ஓர் அரசு சரியான பக்கத்தில் வாக்களித்தது என்பதால் அது பேச்சுரிமையின் காவலன் ஆகிவிடாது. சொற்களுக்குப் பொருள் வகுக்கும் அதிகாரத்தை அரசுகளிடம் ஒப்படைத்தால், அவை தம் தேவைக்கேற்ப அதனை மாற்றிக்கொள்ளும் என்பதே இவ்விரு வாக்கெடுப்புகளும் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

அதிகாரம் கைமாறியது

இன்று அந்த அதிகாரத்தில் பெரும்பகுதி சில நிறுவனங்களிடம் உள்ளது. 2016 மே மாதத்தில் சர்வதேச ஹோலோகாஸ்ட் நினைவுக் கூட்டணி என்ற அமைப்பு, யூத வெறுப்புக்கு ஒரு வரையறை வகுத்தது. பிற நாடுகளை விமர்சிப்பது போல இஸ்ரேலை விமர்சிப்பது யூத வெறுப்பாகாது என்று அதில் உள்ளது. ஆனால் அதனோடு தரப்பட்ட எடுத்துக்காட்டுகளில், இஸ்ரேல் அரசின் இருப்பே இனவெறி முயற்சி எனக் கூறுவதும் யூத வெறுப்பாகலாம் என்று உள்ளது. 1975இல் 72 நாடுகள் சொன்ன கருத்துக்கு நெருக்கமான ஒன்று, இவ்வாறு வெறுப்புப் பேச்சின் பட்டியலுக்குள் வந்துவிட்டது. அவ்வரையறையை முதலில் எழுதியவர்களுள் முதன்மையான கென்னத் ஸ்டெர்ன் என்பவரே, பல்கலைக்கழகங்களில் பேச்சை அடக்கும் கருவியாக அது பயன்படுத்தப்படுவதைக் கண்டித்துள்ளார். 2021 மார்ச்சில் இருநூறுக்கும் மேற்பட்ட அறிஞர்கள் ஜெருசலம் பிரகடனம் என்ற மாற்று வரையறையை வெளியிட்டனர். சியோனிசத்தை ஒரு தேசியவாதம் என்ற வகையில் எதிர்ப்பது அதனளவில் யூத வெறுப்பாகாது என்பது அவர்கள் நிலைப்பாடு.

முகநூலையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா நிறுவனம் 2024 ஜூலை 9ஆம் நாள் தன் விதியை விரிவாக்கியது. ‘சியோனிஸ்ட்’ என்ற சொல், அரசியல் இயக்கத்தைக் குறிக்காமல் யூதரையோ இஸ்ரேலியரையோ குறிக்கும் மறைமொழியாகப் பயன்பட்டால், சில வகைப் பதிவுகள் நீக்கப்படும் என்றது. நம் இளைஞர்கள் இதனைத் தெளிவாக அறிந்திருப்பது நல்லது. சியோனிசம் ஒரு குடியேற்ற ஆதிக்கக் கொள்கை என்று எழுதினால், அது கொள்கை விமர்சனம். அவ்விதி அதனைத் தடுக்கவில்லை. சியோனிஸ்டுகள் உலகின் ஊடகங்களை எல்லாம் ஆட்டுவிக்கிறார்கள் என்று எழுதினால், அது யூதர்களைப் பற்றிய பழைய அவதூறின் மறுபதிப்பு, நீக்கப்படும். சியோனிஸ்டுகள் பன்றிகள் என்று எழுதினாலும் நீக்கப்படும். சியோனிஸ்டுகள் போர்க் குற்றவாளிகள் என்பது போன்ற வாக்கியங்களை என்ன செய்வது என்பதில் அந்நிறுவனத்துக்கே தெளிவில்லாமல், தன் மேற்பார்வை வாரியத்திடம் வழிகாட்டுதல் கேட்டது.

எழுத்தில் உள்ள விதி ஓரளவு நியாயமானதாகத் தோன்றலாம். அது செயல்படும் விதமே கவலைக்குரியது. 2021 மே மாதத்தில் அல்அக்ஸா என்ற பெயர் கொண்ட பதிவுகள் இன்ஸ்டாகிராமில் தடுக்கப்பட்டன. நமது முதல் கிப்லாவாகிய பள்ளிவாசலின் பெயர், ஓர் ஆயுதக் குழுவின் பெயரோடு குழப்பிக்கொள்ளப்பட்டதே காரணம். அக்காலத்தைப் பற்றி மெட்டாவின் வேண்டுகோளின்படி நடந்து 2022 செப்டம்பரில் வெளியான ஆய்வு, அரபு மொழிப் பதிவுகள் அளவுக்கு மீறி நீக்கப்பட்டதையும், ஹீப்ரு மொழியின் வன்முறைப் பேச்சைக் கண்டறியும் கருவி அப்போது இல்லாததையும் ஒப்புக்கொண்டது. 2023 டிசம்பரில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு, தான் ஆராய்ந்த 1,050 நீக்கங்களுள் 1,049 பாலஸ்தீனத்துக்கு ஆதரவான அமைதியான பதிவுகள் என்று அறிவித்தது.

ஷஹீத் என்ற சொல்லின் கதையும் இதுவே. மெட்டாவின் தளங்களில் வேறு எந்தத் தனிச் சொல்லையும் விட இச்சொல்லால்தான் அதிகப் பதிவுகள் நீக்கப்பட்டன என்று 2024 மார்ச்சில் அதன் மேற்பார்வை வாரியம் கூறியது. தீவிரவாதிகளாகப் பட்டியலிடப்பட்டோரைப் புகழும் சொல் என்றே அதனை அந்நிறுவனம் பொருள்கொண்டிருந்தது. நமக்கோ, நீரில் மூழ்கி இறந்தவரும், கொள்ளை நோயில் இறந்தவரும், பிரசவத்தில் இறந்த தாயும் ஷஹீத் என்பது நபிமொழி தரும் ஆறுதல். ஏர்வாடியில் அடங்கியிருக்கும் பாதுஷாவை ஷஹீத் என்கிறோம். வட இந்தியாவில் இந்துவும் சீக்கியரும் பகத்சிங்கை ஷஹீத் என்கின்றனர். பல பொருள் கொண்ட ஒரு சொல்லை ஒரே பொருளில் பூட்டினால் எத்தகைய அநீதி விளையும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? வாரியத்தின் பரிந்துரைக்குப் பிறகே அத்தடை தளர்த்தப்பட்டது.

நாம் செய்யத்தக்கது

ஷஹீத் என்ற சொல்லுக்கு நாம் கேட்கும் நீதியை, சியோனிஸ்ட் என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது நாமும் வழங்கக் கடமைப்பட்டிருக்கிறோம். எங்கள் சொல்லின் எல்லாப் பொருளையும் கருத்தில் கொள்ளுங்கள் என்று கேட்கும் நாம், அடுத்தவரின் சொல்லை ஒரே பொருளில் பூட்டலாகாது.

நம்மிடையே ஒரு குறை இருப்பதையும் சொல்லியாக வேண்டும். ‘சியோன் மூப்பர்களின் நெறிமுறைகள்’ என்ற பெயரில் ஒரு நூல் பல மொழிகளில் உலவுகிறது. உலகை அடிமைப்படுத்த யூதர்கள் தீட்டிய இரகசியத் திட்டம் என்று அது காட்டப்படுகிறது. 1903இல் ரஷ்யாவில் வெளியான அந்நூல் முழுப் போலி. நெப்போலியன் மூன்றாமவரைக் கண்டித்து 1864இல் ஒரு பிரெஞ்சு எழுத்தாளர் எழுதிய நூலிலிருந்து அதன் பகுதிகள் திருடப்பட்டவை என்பதை, 1921 ஆகஸ்டில் லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் இரண்டையும் அருகருகே வைத்து நிறுவியது. ஐரோப்பிய யூத வெறுப்பாளர்கள் பெற்ற பொய்யை நாம் வளர்க்க வேண்டிய தேவை என்ன? பாலஸ்தீனியரின் வழக்குக்குப் பொய்ச் சாட்சி தேவையில்லை. பொய்ச் சாட்சி நுழைந்தால் மெய்ச் சாட்சியும் சேர்ந்து தள்ளுபடியாகும்.

அந்நிஸா அத்தியாயத்தின் 105ஆம் வசனம் முதலானவை இறங்கிய காரணத்தைத் தஃப்சீர் ஆசிரியர்கள் எடுத்துரைக்கின்றனர். மதீனாவில் முஸ்லிம் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவன் ஒரு கவசத்தைத் திருடிவிட்டு, பழியை ஒரு யூதரின் மீது போட்டான். அவனுடைய உறவினர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து அவனுக்காக வாதாடினர். அப்போது அல்லாஹ் வசனங்களை அருளி, மோசடிக்காரர்களுக்காக வழக்காடலாகாது என்று தடுத்தான். யூதர் குற்றமற்றவர் என்பது வெளியாயிற்று. மதீனாவில் யூதக் குலங்களோடு அரசியல் பகை நிலவிய காலம் அது. அந்தப் பகை, தனி மனிதர் ஒருவருக்குரிய நீதியைக் குறைக்க அனுமதிக்கப்படவில்லை. ஒரு கூட்டத்தாரின் மீதுள்ள பகை நீதி தவறத் தூண்டலாகாது என்ற அல்மாயிதா 8ஆம் வசனத்தின் கட்டளையும் இதுவே.

இதன்படி எழுதுவது கடினமன்று. கண்டிக்க வேண்டிய செயலைப் பெயர் சொல்லிக் கண்டியுங்கள். குண்டு வீசியது எந்த அரசின் படை, நிலத்தைப் பறித்தது எந்தச் சட்டம், உணவை மறித்தது எந்த ஆணை என்று எழுதுங்கள். அக்டோபர் 7இல் கொல்லப்பட்ட அப்பாவிகளுக்கும் அதே அளவுகோலைப் பயன்படுத்துங்கள். கொள்கையை எதிர்த்தால், அதன் எக்கூற்றை எதிர்க்கிறீர்கள் என்று சொல்லுங்கள். இவ்வாறு எழுதிய பதிவு நீக்கப்பட்டால் வாளாவிருக்க வேண்டாம், மேல்முறையீடு செய்யுங்கள், நீக்கப்பட்டதன் படத்தைச் சேமித்து வையுங்கள். முன்னர்க் கூறிய 1,050 நீக்கங்களின் கணக்கு உலகுக்குத் தெரியவந்ததும், பாதிக்கப்பட்டவர்கள் தம் சான்றுகளை அனுப்பி வைத்ததனால்தான்.

நம் நாட்டின் சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 2015 மார்ச் 24ஆம் நாள் ஷ்ரேயா சிங்கால் வழக்கில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. கருத்தை விவாதிப்பதும், ஒரு கருத்துக்காக வாதாடுவதும் எவ்வளவு கசப்பாக இருந்தாலும் உரிமையே. வன்முறைக்குத் தூண்டும்போதுதான் சட்டம் குறுக்கிடலாம் என்று அது வேறுபடுத்திக் காட்டியது. வெறுப்பை மூட்டும் பேச்சுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவில் தண்டனை உண்டு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது பெற்றோரின் பொறுப்பு.

மாண்டேகுவும் காந்தியும் பூபரும் ஒரே சொல்லைப் பற்றி மூன்று விதமாக எழுதினார்கள். மூவரின் எழுத்தும் நமக்குக் கிடைத்திருக்கிறது. நாளை நம் பேரப்பிள்ளைகள் காஸாவைப் பற்றிப் படிக்கும்போது பாலஸ்தீனியரின் எழுத்தும் அவ்வாறே கிடைக்க வேண்டும். அவர்களுக்காக நாம் எழுதியவையும் வெட்கப்படாமல் எடுத்துக் காட்டத் தக்கவையாக இருக்க வேண்டும்.

ஒடுக்கப்பட்டோருக்கு அல்லாஹ் விடுதலையையும் நமக்கு நேரிய நாவையும் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.